சகலைக்கு ஒரு டைம்ஷேர்: சில குறிப்புகள்

ஈபேயில் ஃப்ளோரிடா டைம்ஷேர்கள் ஒரு டாலருக்குக் கிடக்கின்றன. கிஸிம்மியில் இரண்டு படுக்கையறை வீடு, வருஷத்தில் ஒரு வாரம் நம்முடையது, பத்திரம் உண்டு, விலை ஒரே டாலர். கம்பெனியிடம் நேரே வாங்கினால் சராசரியாக 20,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று அந்தத் தொழில்காரர்களின் சங்கமே கணக்கு வெளியிடுகிறது. அப்படி வாங்கியதை ஒரு டாலருக்குத் தருகிறேன் என்றாலும் ஆள் வருவதில்லை. விளம்பரத்தின் அடியில் இருக்கும் ஒரு வரிதான் காரணம்: பராமரிப்புக் கட்டணம். பெரும்பாலும் வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாது. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். வருஷா வருஷம் ஏறும். பழைய பத்திரங்கள் பலவற்றுக்கு முடிவுத் தேதியே கிடையாது. வாங்கியவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் தலையில் வந்து நிற்கும். (பிள்ளைகள் சட்டப்படி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.)

"சகல, ஒரு டாலர்தானே. வாங்கிப் போட்டு வைப்போமா?" என்று என் சகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அட்லாண்டாவில் இருக்கிறார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் காரை ஆர்லாண்டோ பக்கம் திருப்பிவிடும் குடும்பம். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவையும், கடைசியில் அவர் ஒன்று வாங்கியபோது கூட இருந்து பார்த்தவையும் இங்கே. வரிசை கிரமம் எல்லாம் கிடையாது.

*

முதல் விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ரீசேல் விலை ஏன் இப்படிச் சரிகிறது என்பது விளங்கிவிடும். கிஸிம்மியில் 192 நெடுஞ்சாலையிலும் ஆர்லாண்டோவின் இன்டர்நேஷனல் டிரைவிலும் 'தள்ளுபடி டிக்கெட்' என்று பலகை மாட்டிய சின்னக் கடைகள் வரிசையாக இருக்கும். டிக்கெட் பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலை கணவனும் மனைவியுமாக வந்து தொண்ணூறு நிமிஷம் விற்பனைப் பேச்சைக் கேட்க வேண்டும். தொண்ணூறு நிமிஷம் மதியச் சாப்பாட்டு நேரம் வரை இழுக்கும். "மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார்" என்று போன் வாங்கி அலுத்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த டிக்கெட், காலைப் பலகாரம், பேசியவரின் கமிஷன், அவர் மேலாளரின் கமிஷன் எல்லாம் விலைக்குள்தான் இருக்கின்றன. மறுவிற்பனைக்குப் போகும்போது அதெல்லாம் கழன்றுவிடும். ஃப்ளோரிடா சட்டம் கம்பெனியிடம் வாங்கியவருக்கு 10 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். அறைக்குத் திரும்பி ஏசியைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கணக்குப் பார்ப்பவர்களுக்காக எழுதிய சட்டம்.

*

ஒரு டாலர் சரக்கை விட்டுவிட்டு சகலை பிடித்துக்கொண்டது டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை. பிள்ளைகள் எப்படியும் அங்கேதான் போகச் சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். 1991-ல் ஆரம்பித்த கிளப். மற்ற டைம்ஷேர்களுக்கு வாய்க்காத ஒன்று இதற்கு உண்டு: உயிருள்ள ரீசேல் சந்தை. இதை மட்டுமே விற்றுப் பிழைக்கும் புரோக்கர் அலுவலகங்கள் பல இருக்கின்றன.

இதில் வாரக் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு. ஒவ்வொரு வருஷமும் இத்தனை பாயிண்ட் என்று கையில் விழும். அதை அறைக்கும் நாளுக்கும் தக்கபடி செலவழிக்கலாம். சீசனுக்கு ஏற்ப ஒரு நாளின் பாயிண்டைக் கூட்டிக் குறைப்பார்கள், ஆனால் ஒரு விடுதியின் வருஷ மொத்தத்தைக் கூட்ட முடியாது. அதாவது பாயிண்ட் நோட்டடிக்க முடியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த ஒரே ஷரத்து அதுதான்.

இன்னொன்று, முடிவுத் தேதி. போர்டுவாக், பீச் கிளப், வீரோ பீச் போன்ற பழைய விடுதிகளின் உரிமை 2042 ஜனவரி 31-ல் முடிகிறது. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054. அனிமல் கிங்டம் 2057. பாலினீஷியன் 2066. ரிவியேரா 2070. அதற்குப் பிறகு நிலமும் கட்டடமும் டிஸ்னியுடையது. "அப்ப முப்பது வருஷத்துல ஒண்ணுமே மிஞ்சாதா?" என்று சகலை கேட்டார். மிஞ்சாது. பிள்ளைகளுக்குப் பாக்கியும் மிஞ்சாது.

*

அரிசிக் குக்கர் விவகாரம். ஸ்டூடியோ அறையில் அடுப்பு இல்லை. மைக்ரோவேவ், சின்ன ஃபிரிட்ஜ், டோஸ்டர், அவ்வளவுதான். ஒரு படுக்கையறை வீட்டில் முழுச் சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும் உண்டு. ஆனால் அதற்கு ஸ்டூடியோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயிண்ட். கொழுந்தியா ஒரே வரியில் தீர்த்துவிட்டாள்: "லீவுல போயும் நான் சமைக்கணும்னா எதுக்கு போகணும்?" ஸ்டூடியோ கணக்கிலேயே பார்ப்பது என்று முடிவானது. தயிர் சாதத்துக்கு மைக்ரோவேவ் போதும்.

*

புரோக்கர் யாருடைய ஆள்? கமிஷன் கொடுப்பவர் விற்பவர். வாங்குபவர் தனியாக எதுவும் தருவதில்லை. அதற்காக அவரை விற்பவரின் ஆள் என்றும் சொல்லிவிட முடியாது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் ஃப்ளோரிடா சட்டம் புரோக்கரை 'டிரான்ஸாக்ஷன் புரோக்கர்' என்றே கொள்கிறது. இரு தரப்புக்கும் நேர்மையாக நடக்க வேண்டும், தெரிந்த குறையை மறைக்கக் கூடாது. ஆனால் எந்தத் தரப்புக்கும் முழு விசுவாசம் காட்ட வேண்டிய கடமை இல்லை. அவர் விசுவாசம் விற்பனை முடிவதற்குத்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டு பேசினால் போதும்.

நாங்கள் பேசிய அம்மாள் கெட்டிக்காரர். எந்த மாதத்தில் எந்த விடுதி சீக்கிரம் நிரம்பும் என்று பஞ்சாங்கம் மாதிரி ஒப்பித்தார். ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கும்போதெல்லாம் "கேட்டுச் சொல்கிறேன், ஆனால் இவ்வளவு குறைத்தால் டிஸ்னி எடுத்துக்கொள்ளும்" என்றார். அது உண்மையாக இருக்கலாம். விலை ஏறினால் கமிஷனும் ஏறும் என்பதும் உண்மை.

*

'டிஸ்னி எடுத்துக்கொள்ளும்' என்பது என்ன? யார் யாருக்கு விற்றாலும், பேசி முடித்த ஒப்பந்தம் முதலில் டிஸ்னி மேசைக்குப் போக வேண்டும். அதே விலைக்கு, அதே நிபந்தனைக்குத் தானே வாங்கிக்கொள்ள அதற்கு 30 நாள் முன்னுரிமை. ரீசேல்காரர்கள் இதை ரோஃபர் என்கிறார்கள். டிஸ்னி எடுத்தால் விற்பவருக்கு நஷ்டமில்லை, பணம் அங்கிருந்து வரும். வாங்க வந்தவருக்கு முன்பணம் திரும்பும். காத்திருந்த மாதம் மட்டும் போகும். எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று ஜோசியம் சொல்லப் பெரிய கூட்டமே இருக்கிறது. எனக்குப் புரிந்த வரை, டிஸ்னிக்கு அந்த விடுதிப் பாயிண்ட் மறுபடி விற்கத் தேவைப்பட்டால் எடுக்கிறது, இல்லாவிட்டால் விடுகிறது. ரோஃபருக்குப் பயந்து விலையை ஏற்றிக் கொடுப்பது வீண்.

*

விளம்பர வரி ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். சகலை வாங்கியதே:

சரடோகா ஸ்பிரிங்ஸ் – 160 – ஜூன் – 0/24, 160/25, 160/26 – 98 டாலர்.

160 என்பது வருஷப் பாயிண்ட். ஜூன் என்பது பாயிண்ட் வருஷம் தொடங்கும் மாதம். இப்படி எட்டு மாதங்கள்தான் உண்டு, ஜனவரி, மே, ஜூலை, நவம்பர் கிடையாது. 98 என்பது ஒரு பாயிண்டின் விலை. நடுவில் இருக்கும் பின்னங்களில்தான் விஷயம் இருக்கிறது. 2024-க்கு ஒன்றும் மிச்சமில்லை, 2025-க்கும் 2026-க்கும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷப் பாயிண்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம். பாயிண்ட் வருஷத்தின் முதல் எட்டு மாதத்துக்குள் தள்ளிவிட வேண்டும், தவறினால் அந்த வருஷத்தோடு காலாவதி. அடுத்த வருஷத்திலிருந்து முன்கூட்டியே இழுத்துச் செலவழிக்கவும் செய்யலாம். விற்கப் போகிறவர் அப்படி இரண்டு வருஷத்தையும் வழித்துவிட்டுக் காலிப் பாத்திரத்தை விற்பது உண்டு. அப்படிப்பட்டது விலை குறைவாகத்தான் தெரியும். வாங்கியவர் முதல் வருஷம் எங்கும் தங்காமல் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டுவார். ஆகவே இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது பாயிண்ட் விலையைப் பார்த்தால் போதாது. பின்னங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நடப்பு வருஷக் கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்க வேண்டும். அது பேரம் பேசும் விஷயம், கேட்காவிட்டால் நம் தலையில்தான்.

*

வீரோ பீச்சை ஒரு வாரம் ஆசையோடு பார்த்தார் சகலை. அட்லாண்டிக் கடற்கரை, பாயிண்ட் விலை மற்றதில் பாதிதான். "இதை வாங்கிட்டு ஆர்லாண்டோவுல தங்கிக்கலாமே?" தங்கலாம். ஆனால் அந்த விடுதியின் பராமரிப்புக் கட்டணம் கிளப்பிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருக்கிறது. கடற்காற்றில் நிற்கும் கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸும் பழுதுபார்ப்பும் சும்மா வராது. முடிவும் 2042. தவிர, சொந்த விடுதியில் 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம்; மற்ற விடுதிகளுக்கு 7 மாதத்துக்குள்தான். பள்ளி லீவு வாரங்களில் அந்த நான்கு மாத வித்தியாசத்தில் நல்ல அறைகள் போய்விடும். தங்க விரும்பும் இடத்தையே வாங்கு என்று பழைய உறுப்பினர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

*

ரீசேலில் வாங்கியவன் இரண்டாம்தர உறுப்பினன். இதைப் புரோக்கர் சொல்வார், ஆனால் மெதுவாகச் சொல்வார். 2016 ஏப்ரலுக்குப் பிறகு ரீசேலில் மட்டும் வாங்கியவர்களுக்குத் தள்ளுபடி முதலிய உபரிச் சலுகைகள் கிடையாது. 2019 ஜனவரி 19-க்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள்: பழைய பதினான்கு விடுதிகளில் ஒன்றை ரீசேலில் வாங்கினால் அந்தப் பதினான்குக்குள்தான் சுற்றலாம்; ரிவியேராவுக்கும் அதற்குப் பின் வந்த புதிய விடுதிகளுக்கும் போக முடியாது. ரிவியேராவையே ரீசேலில் வாங்கினால் ரிவியேராவில் மட்டும்தான் படுக்கலாம். புதுச் சரக்கு விற்க வேண்டுமே, அதற்குச் செய்த வேலி. இந்த வேலிக்குள் இருக்கச் சம்மதம் என்றால் கம்பெனி விலையில் பாதிக்குப் பக்கத்தில் வாங்கலாம். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது. பதினைந்தாவது விடுதியைப் பார்க்காமல் யார் அழுதார்கள்?

*

ரோஃபர் தாண்டியதும் கோப்பு புரோக்கர் கையை விட்டு, பத்திரம் முடித்துக் கொடுக்கும் டைட்டில் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் டிஸ்னியிடம் எஸ்டாப்பல் என்றொரு சான்று வாங்குவார்கள். வில்லங்கம் பார்க்கும் காகிதம் அது. உரிமையாளர் பெயர், கடன் பாக்கி, கட்டணப் பாக்கி, எந்த வருஷத்தில் எத்தனை பாயிண்ட் உண்மையில் இருக்கிறது எல்லாம் அதில் வரும்.

சகலை விவகாரத்தில் அது வந்ததும் 2025-க்கு எதிரே 160-க்குப் பதில் 118 இருந்தது. விளம்பரம் போட்ட பிறகு விற்பவர் ஓர் அறையைப் பதிவு செய்திருக்கிறார். ஏமாற்றும் எண்ணமா, மறதியா என்று தெரியவில்லை. வயதானவர், தன் பேத்திக்காகப் பிடித்தேன் என்றாராம். புரோக்கர் அம்மாள் "சின்ன வித்தியாசம்தானே, இப்படியே முடித்துவிடலாமா?" என்று கேட்டார். 42 பாயிண்ட் அவ்வளவு சின்னதில்லை. உறுப்பினர்களிடம் பாயிண்டை வாடகைக்கு எடுத்தால் ஒன்று 20 டாலரை ஒட்டிப் போகும். "பேத்தி போயிட்டு வரட்டும், விலையைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார் சகலை. 600 டாலர் குறைந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விற்பவர் வெளிநாட்டவர் என்றால் இன்னொரு தலைவலி: அமெரிக்கச் சொத்தை வெளிநாட்டவர் விற்கும்போது பொதுவாக விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும், ஆனால் பார்த்துக்கொண்டதா என்று நாம் கேட்க வேண்டும். கனடாக்காரர்கள் விற்பது அதிகம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

*

பத்திரம் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. ஆரஞ்சு கவுண்டியில் முறைப்படி பதிவானது. குத்தகை நிலத்தில் எழுந்த காண்டோமினியம், இத்தனையாம் எண் யூனிட், அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான, தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை அளந்த பிரிபடாத பாகம். பெருங்குடியில் ஃபிளாட் வாங்கியவருக்கு அந்தச் சொல் பழக்கம். ஆனால் அந்த யூனிட்டில்தான் இவர் தங்குவார் என்று எந்த உறுதியும் இல்லை. அது எந்த மாடியில் இருக்கிறது என்று சகலைக்கு இன்றுவரை தெரியாது.

*

கணக்கு. பேசிய விலை 160 பாயிண்ட், 98 டாலர் வீதம் 15,680. முடித்துக் கொடுக்கும் செலவு தனியாகச் சில நூறு. 2054 வரை 29 வருஷம் என்று வகுத்தால் வருஷத்துக்கு 540 டாலர். பராமரிப்புக் கட்டணம் பாயிண்டுக்கு 8 டாலர் சொச்சம், அதாவது வருஷத்துக்கு 1,300 டாலருக்கு மேல். ஆக விலையைப் போல இரண்டரை மடங்கு கட்டணம். அதுவும் இன்றைய கட்டணம். இரண்டையும் கூட்டினால் பாயிண்டுக்கு 12 டாலர் அளவில் வருகிறது, வாடகைக்கு எடுப்பதைவிட மலிவு. ஆனால் வாடகைக்காரன் ஒரு வருஷம் ஊருக்குப் போனால் செலவு பூஜ்யம். உரிமையாளன் காரைக்குடியில் கல்யாணத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஜனவரியில் பில் வரும். வருஷா வருஷம் போகிற குடும்பத்துக்கு இது லாபம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியா போகிற குடும்பத்துக்கு இழுபறி. கடன் வாங்கி வாங்குபவருக்கு நஷ்டம். இந்தச் சரக்குக்குக் கிடைக்கும் கடனின் வட்டி மேலே சொன்ன லாபத்தை முழுசாகத் தின்றுவிடும்.

*

வாங்குவதைவிட விற்கும்போதுதான் திருட்டு அதிகம். "உங்கள் டைம்ஷேருக்கு ஆள் தயார், மெக்ஸிகோவில் பெரிய கம்பெனி, வரி மட்டும் முதலில் கட்டிவிடுங்கள்" என்று போன் வரும். பெரும்பாலும் முதியவர்கள் மாட்டுகிறார்கள். 2019 முதல் 2023 வரை ஏறக்குறைய 6,000 பேர் மெக்ஸிகோ டைம்ஷேர் மோசடிகளில் சுமார் 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று எஃப்பிஐ சொன்னது. பின்னால் இருந்தது ஹலிஸ்கோ போதைக் கும்பல். அமெரிக்க நிதித்துறை 2023-ல் அந்த வலையில் இருந்த ஆட்கள்மீதும் கம்பெனிகள்மீதும் தடை விதித்தது. போதைக் கும்பலே இதில் இறங்கியிருக்கிறது என்றால் எவ்வளவு பணம் புழங்குகிறது என்று பாருங்கள்.

ஃப்ளோரிடாவில் உரிமம் பெற்ற புரோக்கர் டைம்ஷேரைப் பட்டியலிட முன்கூட்டிக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

*

சகலையின் பெயரில் பாயிண்ட் ஏறிவிட்டது. வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். புரோக்கரின் பெயரை ஃப்ளோரிடா மாநில உரிமத் துறையின் தளத்தில் தேடிப் பாருங்கள், காசு கிடையாது. பிறகு, மீதிப் பணத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சலில் வங்கிக் கணக்கு எண் வந்தால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் போன் நம்பரைக் கூப்பிடாதீர்கள். டைட்டில் கம்பெனியின் நம்பரை நீங்களே வேறு இடத்தில் தேடி எடுத்து, கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.